கச்சேரிக்கு அனுப்பாத புத்தகம்

பதிவாளர் ஐயா, தாலி கட்டிய எங்கள் தோட்டத்துப் பெண்களைக் கல்யாணமாகாதவர்களாக வைத்திருப்பது நீங்கள்தான்.

அதற்கு உங்களுக்கு உடந்தையாக இருந்தவள் நான்.

இரண்டையும் சேர்த்துத்தான் சொல்வேன். முதலாவதை மட்டும் சொன்னால் என் ஆட்கள் கைதட்டுவார்கள். இரண்டாவதை மட்டும் சொன்னால் உங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். இரண்டு பேருக்கும் அந்த வசதியைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

என் குற்றம் இதுதான். கோயிலில் நான் நடத்தி வைத்த கல்யாணங்கள் சட்டத்தில் பதிவாகவில்லை என்று தெரிந்த பிறகும், பதிவாகிவிடும் என்று சொல்லிக் கல்யாணம் செய்து வைத்தேன். ஒரு தடவை வாய் தவறிச் சொன்னதல்ல. பதினோரு சோடிக்குச் சொன்னேன். அதில் ஒருத்தி ஜெயந்தி.

இதைப் படிக்கிற மற்றவர்களே, உங்களுக்கு நான் யாரென்று தெரியாது. பெயர் பாக்கியம். கித்துல்கலைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். முப்பது வருடம் பால் வெட்டினேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. புருஷன் செத்து இருபத்திரண்டு வருடமாகிறது. வெள்ளிக்கிழமைகளில் மாரியம்மன் கோயிலில் தேவாரம் பாடுவேன். அவ்வளவுதான் நான்.

கல்யாணம் நடத்துகிறவளாக நான் ஆனது ஒரு மண்சரிவால்.

கமலாவுக்குக் கல்யாணம். டவுனிலிருந்து ஐயர் வர வேண்டும். விடிய விடிய மழை. காலையில் பார்த்தால் கீழ் ரோட்டில் மலை இறங்கிக் கிடக்கிறது. ஐயரின் வேன் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. தோட்டத் தலைவர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"தேவாரம் தெரிஞ்சது பாக்கியத்துக்கு மட்டுந்தான். அது நின்னு செஞ்சு வைக்கட்டும்."

மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டாள்.

"தாலியறுத்தவ எடுத்துக் குடுக்குற தாலியா? எம் மவன் நல்லா இருக்கணுமா, வேணாமா?"

"ஒங்க வீட்டுக்காரரும்தானே போயிட்டாரு" என்றார் தலைவர். "ஒங்க கையால தின்னுதானே மவன் இந்த ஒயரத்துக்கு வளந்திருக்கான்?"

கமலா மணவறையில் இருந்தபடியே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"மாமி, ரோட்டுல மண்ணு அள்ளி முடிய ஒரு கெழமையாவும். அதுவரைக்கும் சோறு கெட்டுப் போவாதா?"

கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எந்தத் தேவாரம் பாடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மந்திரம் எனக்குத் தெரியாது. இரண்டு தேவாரம் பாடினேன். பிறகு தமிழில் கேட்டேன்: "இவளைக் கடைசி வரைக்கும் வச்சுக் காப்பாத்துவியா? இவனோட வாழ ஒனக்குச் சம்மதமா?" இரண்டு பேரும் சத்தமாகச் சொன்னார்கள். தாலியை எடுத்துக் கொடுத்தேன். அவன் கட்டினான். கமலாவுக்கு இன்று மூன்று பிள்ளைகள். அந்த மாமியார் கடைசிக் காலத்தில் என் கையால்தான் கஞ்சி குடித்தாள்.

அதற்குப் பிறகு என்னைத் தேடி வந்தார்கள். ஐயர் கிடைக்காததால் மட்டுமில்லை. நான் சாதி கேட்க மாட்டேன். சீதனம் கேட்டுத் தாமதிக்கிற மாப்பிள்ளை வீட்டைச் சபையிலேயே திட்டுவேன். நான் கேட்கிற கேள்வி கடைசி வரிசையில் இருக்கிற கிழவனுக்கும் விளங்கும்.

நானாக ஒரு சட்டமும் வைத்தேன். கல்யாணத்துக்கு முதல் நாள் பெண்ணை மட்டும் கோயில் மடப்பள்ளிக்குள் கூப்பிடுவேன். கதவைச் சாத்திவிட்டு, "ஒனக்கு விருப்பமா? இல்லேன்னா இப்ப சொல்லு, வெளியில நான் பேசிக்கிறேன்" என்பேன். பெருமையாகத்தான் சொல்கிறேன், இரண்டு பெண்கள் 'இல்லை' என்றார்கள். இரண்டு கல்யாணத்தையும் நிறுத்தினேன். ஒருத்திக்குப் பதினாறு வயது. அவளுடைய மாமன் தொழிலாளர் வரிசை வீடான என் லயத்து வாசலில் வந்து நின்று கத்தினான்.

"நிப்பாட்டுறதுக்கு நீ யாரு? ரெஜிஸ்தாரா?"

"ரெஜிஸ்தாரா இருந்தா வயசு என்னன்னு கேப்பாருதானே? நானும் அதத்தான் கேட்டேன். பதில் சொல்லு."

ஆறு வருடம் கழித்து அந்தப் பெண் தானே ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மடப்பள்ளிக்குள் நான் கேட்பதற்கு முன்னால், "விருப்பம், விருப்பம், விருப்பம், போதுமா?" என்றாள். அந்தக் கல்யாணத்தையும் நான்தான் நடத்தினேன்.

சொல்லுங்கள், இது தப்பா?

இல்லை. தப்பு இதில் இல்லை. தப்பு புத்தகத்தில் இருக்கிறது.

எங்கள் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டப் பிரிவுக்கும் நடுவில் ஓர் ஓடை. அந்தப் பக்கம் வேதக்காரர்களின் கோயில் இருக்கிறது. என்னோடு பால் வெட்டிய மேரியின் மகளுக்கு அங்கே கல்யாணம். போயிருந்தேன். மாலை மாற்றி முடிந்ததும் போதகர் ஒரு பெரிய புத்தகத்தை விரித்தார். மாப்பிள்ளை, பெண், சாட்சிகள் எல்லோரும் கையெழுத்து வைத்தார்கள். "இது கச்சேரிக்குப் போவும்" என்றாள் மேரி. கச்சேரி என்றால் மாவட்டத்து அரசாங்க ஆபீஸ். எனக்கு ஆசையாக இருந்தது. நம்முடைய கோயிலுக்கு மட்டும் ஏன் புத்தகம் இல்லை?

அடுத்த கிழமையே டவுனில் நீள அட்டைப் புத்தகம் ஒன்று வாங்கினேன். கோயில் பெயருக்கு ரப்பர் முத்திரை ஒன்றும் வெட்டினேன். அதற்குப் பிறகு நடந்த எல்லாக் கல்யாணத்துக்கும் புத்தகத்தில் கையெழுத்து. தனித்தாளில் பெயர் எழுதி, முத்திரை குத்தி, சோடியின் கையிலும் கொடுத்தேன்.

அந்தத் தாளைத் தோட்டத்து ஆபீசில் நீட்டினால் பெரிய கிளாக்கர் வாங்கி வைத்துக்கொண்டு, புதுச் சோடிக்கு லயத்தில் காம்பரா, அதாவது குடியிருக்க ஓர் அறை, எழுதிக் கொடுத்தார். வேறென்ன வேண்டும்? காம்பரா கிடைக்கிற காகிதம் செல்லுபடியான காகிதம். எங்களுக்கு அப்படித்தான் புரியும். பரம்பரை பரம்பரையாக எங்களுக்கு ஆபீஸ்தானே அரசாங்கம்? போதகரின் புத்தகத்துக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது என்பதோ, என்னுடைய புத்தகத்துக்குப் பின்னால் கோயில் சுவர் மட்டும்தான் இருக்கிறது என்பதோ எனக்கு அப்போது தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

பிறகு தெரிந்தது.

டவுனில் பெண்களுக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். ஒரு சட்டத்தரணி அம்மா வந்து விவாகச் சட்டம் பேசினார். நான் எழும்பிக் கேட்டேன். "கோயில் புத்தகத்துல கையெழுத்து வச்சா அது பதிவுதானேங்க?"

"இல்லம்மா. கல்யாணம் நடந்ததுன்னு காட்டுறதுக்கு அது ஒரு சாட்சி, அவ்வளவுதான். போதகருக்குச் சட்டம் அதிகாரம் குடுத்திருக்கு. பதிவாளருக்குக் குடுத்திருக்கு. ஒங்களுக்குக் குடுக்கல்ல. ஒவ்வொரு சோடியும் போய்ப் பதியணும்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது முடிவெடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமைப் பூசையில் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும்.

பஸ்ஸை விட்டு இறங்கினால், சந்தியில் ஒரு குடும்பம் வெற்றிலைத் தட்டோடு நிற்கிறது. "ஒங்களப் பாக்கத்தான் காத்துக்கிட்டிருக்கோம். நீங்க வந்து எடுத்துக் குடுத்தாத்தான் எங்க வீட்டுக் கல்யாணம்" என்றார்கள். அவர்களுடைய பெண் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

நான் தட்டை வாங்கிக்கொண்டேன்.

ஏன் சொல்லவில்லை? பயமா? இல்லை. மறதியா? இல்லை... பெருமை. வேறு பெயர் அதற்கு இல்லை. கல்யாண வீடுகளில் பின்வாசல் பக்கம் உட்கார வைக்கப்பட்டவள் நான். சொந்தத் தம்பியின் மகளுக்குப் பூ முடிக்கப் போனபோது என் கையிலிருந்து பூவை வாங்கி வேறொருத்தியிடம் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட எனக்கு முன்னால் மணமக்கள் குனிந்து நிற்கிறார்கள். "நான் கட்டி வைக்கிறது காகிதத்துக்குச் செல்லாது" என்று எந்த வாயால் சொல்வேன்?

சொல்லியிருக்க வேண்டும். அதே வாயால்தான் சொல்லியிருக்க வேண்டும்.

பதிவாளரைப் பற்றியும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் என் கோபம் விளங்காது. நான் அறிய அவர் எங்கள் தோட்டத்துக்கு ஏறி வந்தது ஒரே ஒரு தடவை, பெரிய கிளாக்கரின் மகள் கல்யாணத்துக்கு. வேன் அனுப்பித்தான் கூட்டி வந்தார்கள். கோயில் முற்றத்தில் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். சட்டத்துச் சிங்களத்தில் ஒரு பக்கத்தை மடமடவென்று வாசித்தார். எனக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி வரும். எனக்கே பாதி விளங்கவில்லை. பெண் தலையாட்டினாள். "ஹரி, சரிதான், கை கழுவுற எடம் எங்க?" என்று கேட்டார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

மற்றவர்கள் அவரிடம் இறங்கிப் போக வேண்டும். அவர் இருக்கிற நாளாகப் பார்த்துப் போக வேண்டும். இரண்டு பேருடைய ஒரு நாள் பேரும், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும். போனால் பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், திருத்திக்கொண்டு வா என்பார். மூன்றாவது தடவை யாரும் போக மாட்டார்கள். தாலிதான் கட்டியாகிவிட்டதே!

அவர் கதவை மூடினார். நான் அந்தக் கதவின் மேல் ஒரு திரையைத் தொங்கவிட்டு, இதுதான் வாசல் என்றேன். அவருக்கும் எனக்கும் உள்ள கூட்டு இதுதான்.

இனி ஜெயந்தி.

அவளும் பால் வெட்டுகிறவள். அவளைக் கட்டிய ரவிக்குக் கித்துல்கலையில், வெள்ளைக்காரர்கள் படகு விட வருகிற ஆற்றங்கரையில், ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. மடப்பள்ளிக்குள் நான் அவளிடம் சம்மதம் கேட்டபோது அவள் திருப்பி என்னைக் கேட்டாள்.

"பெரியம்மா, தனியா ரெஜிஸ்டர் பண்ணணுமா?"

"வேணாம். நம்ம புத்தகம் கச்சேரிக்குப் போவும். நீ ஏன் அலையுற?"

தெரிந்துகொண்டே சொன்னேன். அவள் என்னை நம்பி வெளியே போய் மணவறையில் உட்கார்ந்தாள்.

பிள்ளை பிறந்தது. பிறப்பைப் பதிந்தபோது விவாகச் சாட்சிப் பத்திரம் கேட்டார்கள். முத்திரை குத்திய தாளைக் கொடுத்தாள். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 'பெற்றோர் விவாகமானவர்களா' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டார்கள். சிங்களத்தில் எழுதியிருந்ததால் அவள் அதைக் கொஞ்ச நாளைக்குக் கவனிக்கவில்லை. கவனித்தபோது ஏதோ பிழை என்று நினைத்தாள்.

பிள்ளைக்கு மூன்று வயதானபோது ரவி கித்துல்கலையிலேயே இன்னொரு பெண்ணைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டான். முறையாக, இரண்டு சாட்சிகளோடு. யாரும் தடுக்கவில்லை. காகிதத்தில் அவன் கல்யாணமாகாதவன்.

ஜெயந்தி என் தாளை எடுத்துக்கொண்டு பதிவாளரிடம் போனாள். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பதிவாளர் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இது என்ன, கோயில் பில்லா?" என்று சிங்களத்தில் கேட்டார். பக்கத்து மேசையில் சிரித்தார்கள்.

ஜெயந்திக்கு முகம் சிவந்துவிட்டது. என் பக்கம் திரும்பினாள்.

"இந்த மாத்தயாவுக்குச் சொல்லுங்க பெரியம்மா. புத்தகத்தக் கச்சேரிக்கு அனுப்புனீங்கதானே?"

அவள் என்னைப் பார்க்கிறாள். சிரித்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது.

"அனுப்புனேன்" என்றேன். "அங்கதான் தொலைச்சிருப்பாங்க."

புத்தகம் அப்போது என் காம்பராவில், துணிப்பெட்டிக்குள் இருந்தது.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஜெயந்தி இரண்டு வருடம் கச்சேரிக்கு அலைந்தாள். மாதம் ஒரு தடவை, ஒரு நாள் பேரை இழந்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தொலையாத புத்தகத்தைத் தேடித் தரச் சொல்லிப் போனாள். அங்கே இருந்த ஒரு கிளாக்கர், "ஆ, புத்தகம் தேடுற நங்கி வந்துட்டா" என்று தங்கச்சி முறை வைத்துக் கேலி செய்வானாம். வந்து என்னிடம்தான் சொல்வாள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன்.

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்... இதை எழுதும்போது கை கூசுகிறது.

இந்த வருடம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். அந்த 'இல்லை'யை அதற்கு முன்னால் மாற்றிவிட வேண்டும் என்று ஜெயந்தி ஒரு மனு எழுதுவித்தாள். ரவியிடம் காசு வாங்கிக்கொண்டு புத்தகத்தை ஒளித்துவிட்டான் என்று அந்தக் கேலிக் கிளாக்கரின் பெயரைப் போட்டு, மேலிடத்துக்கு எழுதியிருந்தாள். சாட்சிக் கையெழுத்துக்கு என்னிடம் கொண்டு வந்தாள்.

அந்தக் கிளாக்கர் நல்லவனா கெட்டவனா எனக்குத் தெரியாது. ஆனால் என் புத்தகத்தை அவன் கண்ணாலும் காணவில்லை. பேனாவைக் கீழே வைத்தேன்.

"நான் அனுப்பவே இல்ல ஜெயந்தி."

"எத?"

"புத்தகத்த. அனுப்புனாலும் அது செல்லாது. ஒன் கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். மனுவை நாலாக மடித்தாள். திரும்ப விரித்தாள்.

"ரெண்டு வருசம் பெரியம்மா. அந்த ஆளு சிரிக்கிறப்பெல்லாம், எங்க பெரியம்மா பொய் சொல்ல மாட்டாங்கன்னு மனசுக்குள்ள சொல்லிக்குவேன்."

"என்னை மன்னிச்சிரு."

"மன்னிச்சா அந்த 'இல்ல' அழிஞ்சிருமா? எல்லாரு முன்னாடியும்தானே பொய் சொன்னீங்க. எங்கிட்ட மட்டும் காம்பராக்குள்ள உண்மையச் சொன்னா ஆச்சா? எல்லாரு முன்னாடியும் சொல்லுங்க."

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. குழாயடியில் நான் நின்றால் குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பிப் போகிறாள்.

வெள்ளிக்கிழமைப் பூசையில் சொன்னேன். நான் கல்யாணம் செய்து வைத்து, இன்னும் பதியாமல் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொன்னேன். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் புருஷன்காரன், "அப்ப நான் தப்பிச்சுக்கலாங்களா அக்கா?" என்றான். "போய்த்தான் பாரேன், ஒனக்கு எவ சோறு போடுறான்னு" என்றாள் அவன் மனைவி. நாளைக்கே பதிவுக்குப் போவதாக அவனே சொன்னான். தோட்டத்தில் சொல்லியாகிவிட்டது. இப்போது உங்களுக்கும் சொல்கிறேன்.

அந்தச் சட்டத்தரணி அம்மாவைத் தேடிப் போனேன். தாலி கட்டியதைச் சாட்சிகளால் காட்டினால் ஜெயந்திக்காக வழக்குப் பேசலாம் என்கிறார். முதல் சாட்சி நான். "ஆனா ஒண்ணு" என்றார். "பதிவு விசயத்துல இவ்வளவு காலம் பொய் சொன்னவங்க, கல்யாணம் நடந்ததுன்னு சொல்றத எப்படி நம்புறதுன்னு அந்தப் பக்கத்துல கேப்பாங்க."

கேட்பார்கள். என் பொய்யே அவள் வழக்கைக் கவிழ்க்கலாம். அது தெரிந்துதான் கூண்டில் ஏறப் போகிறேன். நெஞ்சில் கல் வைத்த மாதிரி இருக்கிறது. இறக்கி வைக்க இடமும் தேடவில்லை.

ஆனால் ஒன்றை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நான் நடத்தியது ஒவ்வொன்றும் கல்யாணம்தான். பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு விருப்பம் கேட்டேன். வயது கேட்டேன். அவளுக்கு விளங்குகிற பேச்சில் கேட்டேன். அதிகாரம் உள்ளவர் கேட்காததை அதிகாரம் இல்லாத நான் கேட்டேன். அந்தப் பெருமையை இந்த வெட்கம் தின்றுவிடவில்லை. இரண்டும் ஒரே நெஞ்சில்தான் கிடக்கின்றன.

எங்கள் வாக்கைக் கேட்டு மலை ஏறி வருகிறவர்களே, நாடாளுமன்றத்தில் எங்களுக்காக இருப்பதாகச் சொல்கிறவர்களே, இனி உங்களைக் கேட்கிறேன். ஓடைக்கு அந்தப் பக்கம் போதகர் கையெழுத்து வைத்தால் மேரியின் மகள் மனைவி. அது சரி, அப்படித்தான் இருக்க வேண்டும். இந்தப் பக்கம் மட்டும் கோயிலில் நடந்த கல்யாணத்துக்கு ஏன் 'இல்லை'? எனக்கு அதிகாரம் கேட்கவில்லை. நான் பொய் சொன்னவள், என்னைத் தள்ளி வையுங்கள். தோட்டத்துக்கு ஓர் ஆளைத் தெரிவு செய்யுங்கள். ஐயரோ, பூசாரியோ, பால் வெட்டுகிற பெண்ணோ, யாராவது இருக்கட்டும். படிப்பியுங்கள், பரீட்சை வையுங்கள், தப்புச் செய்தால் தண்டியுங்கள். ஆனால் சட்டம் மலைக்கு ஏறி வரட்டும்.

முடியாது என்றால், முடியாது என்று சொல்லுங்கள். ஆபீசுக்குள் கூப்பிட்டு என் காதில் சொல்ல வேண்டாம். அடுத்த தடவை வரும்போது எங்கள் கோயில் முற்றத்தில் நில்லுங்கள். ஜெயந்தியும் அவள் பிள்ளையும் முன்வரிசையில் இருப்பார்கள். இந்தப் பெண் கல்யாணமானவளா, இல்லையா? தமிழில், தோட்டம் முழுவதும் கேட்கிற மாதிரி, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.